பழைய மடிக்கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள்: எதை மாற்றலாம், எதற்குக் காசு கொடுக்கக்கூடாது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ வேண்டுமென்றால், இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்கவேண்டும். ரி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்களுடைய வீடுகளிலும் ரியூசன் வகுப்புகளிலும் சிறிய அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் நிறைய இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவை. "இது இனிச் சரிவராது, புதுசு எடுங்கோ" என்ற பேச்சைக் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கிறேன்.

புதிது எடுப்பது லேசான காரியமா? 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. சம்பளம் இந்த வேகத்தில் ஏறிய வீட்டை நான் காணவில்லை. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பல குடும்பங்களில் மடிக்கணினி இன்று காப்பை அடகு வைத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

நான் கணினி திருத்துவதைத் தொழிலாகச் செய்பவன் அல்ல. ஆனால் சொந்தக்காரர், சிநேகிதர் என்று பலருடைய மடிக்கணினிகளைப் பல ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: 'செத்துப்போச்சு' என்று கைவிடப்படுபவற்றில் கணிசமானவற்றின் செயலி நன்றாகவே இருக்கிறது. அதைக் காத்திருக்க வைப்பது ஒரே ஒரு பாகம். சுழலும் வன்தட்டு, அதாவது ஹாட்டிஸ்க். அதை மாற்றினால் போதும். அதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் நினைவகம். கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. 'றாம் கூட்டினால் வேகமாகும்' என்று முதலில் றாமை விற்றுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தோடு போவோம். என்னுடைய அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள். அவளிடம் இருப்பது லெனோவோ திங்க்பாட் ரி450. 2015இல் வந்த மாதிரி. 2019இல் பாவித்த நிலையில் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜிபி றாம், 500 ஜிபி வன்தட்டு. "மாமா, ஒன் பண்ணிப்போட்டு முகம் கழுவிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் இருக்கும்" என்றாள். அவள் கொண்டுபோய்க் காட்டிய கடையில் மதர்போர்ட் களைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். மதர்போர்ட் களைப்பதில்லை. வேலை செய்யும், அல்லது பழுதாகும்.

வேகம் எங்கே தொலைகிறது

மடிக்கணினிகளில் வரும் சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய தரவு தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அது வாசிக்கும் முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும். அதற்கு முன்னர் அந்த முனை சரியான வளையத்துக்கு நகரவும் வேண்டும். இரண்டையும் கூட்டினால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒரு வினாடியில் நூறு தடவைகூட எடுத்துவர முடியாது. விண்டோஸ் எழும்பும்போது வாசிக்கவேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளோ ஆயிரக்கணக்கில்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டு கிடையாது, நகரும் முனையும் கிடையாது. தரவு எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 0.1 மில்லி வினாடியில் கைக்கு வரும். விளம்பரப் பெட்டிகளில் போடப்படும் 'வினாடிக்கு 550 எம்பி' என்ற எண் பெரிய கோப்பொன்றை ஒரே மூச்சில் பிரதி பண்ணும் வேகம் மட்டுமே. நாளாந்தப் பாவனையில் நாம் உணரும் வித்தியாசம் அந்த எண்ணால் வருவதல்ல, காத்திருப்பு நூறு மடங்கு குறைவதால் வருவது. ஆகவே எந்த நிறுவனத்தின் எஸ்.எஸ்.டி. இன்னும் கொஞ்சம் வேகம் என்று பழைய கணினிக்காக மூளையைக் கசக்கத் தேவையில்லை.

றாம் குறைவாக இருப்பதன் வலியும் வன்தட்டின் வழியாகவே வருகிறது. 4 ஜிபியில் பாதியளவை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. உலாவியில் பத்துப் பக்கங்களும் ஒரு சூம் வகுப்பும் திறந்தால் இடம் முடிந்துவிடும். அப்போது விண்டோஸ் நினைவகத்தில் இருப்பவற்றில் ஒரு பகுதியைத் தூக்கி வன்தட்டில் எழுதி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஏற்கனவே மூச்சு வாங்கும் தட்டுக்கு இது இரண்டாவது சுமை. மவுஸ் அசையாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தில் நடப்பது இதுதான்.

உங்களுடைய கணினியில் பிரச்சினை எது என்று பார்ப்பதற்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் ராஸ்க் மனேஜர் திறக்கும். கணினி எழும்பிச் சிறிது நேரம் கழித்தும் டிஸ்க் என்ற நிரலில் 100 வீதம் நிலையாக நின்றால் குற்றவாளி வன்தட்டு. மெமரி நிரல் 85, 90 என்று நின்றால் றாமும் போதாது. சீபியு மட்டும் எப்போதும் 100 என்றால் கதை வேறு: செயலி தேவையற்ற மென்பொருளால் அல்லது வைரசால் திணறுகிறது, அல்லது உண்மையிலேயே பலவீனமான செயலி. அப்படியானால் இந்தக் கட்டுரையிலுள்ள எந்த மாற்றமும் பெரிய பலன் தராது.

றாம்: வாங்குவதற்கு முன் ஓர் எழுத்தைக் கவனியுங்கள்

அதே ராஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியை அழுத்துங்கள். எத்தனை இடங்கள் இருக்கின்றன, எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். வடிவம் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றக்கூடிய பலகை. 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்றிருந்தால் மதர்போர்ட்டிலேயே பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது. அதைக் கழற்ற முடியாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவும், எல்லா மக்புக் எயார்களும் இந்த இரண்டாவது வகை.

மாதிரிப் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் உள்ளே வேறு கணினி இருக்கலாம். என்னுடைய மருமகளின் ரி450இல் றாமுக்கு இரண்டு இடங்கள், இரண்டுமே கழற்றிப் பூட்டக்கூடியவை. அதே ஆண்டு வந்த ரி450எஸ் என்ற மெல்லிய மாதிரியில் 4 ஜிபி மதர்போர்ட்டில் ஒட்டப்பட்டிருக்கும். மேலதிகமாகப் பூட்ட ஒரே ஓர் இடம். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு சோடி றாம் வாங்கிக்கொண்டு வந்தால் ஒன்று மேசையில் கிடக்கும். ஆகவே கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாதிரி எண்ணைப் படமெடுத்து, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாதிரிக்கான பராமரிப்புக் கையேட்டைத் தேடுங்கள். லெனோவோ, டெல், எச்.பி. மூன்றுமே அலுவலகப் பாவனைக்கான தங்கள் மாதிரிகளுக்கு எந்த ஆணியை எங்கே கழற்றுவது என்பதுவரை படத்தோடு இலவசமாகப் போட்டிருக்கின்றன.

அடுத்தது வகை. இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கணினிகளில் பெரும்பாலும் டி.டி.ஆர்.3. நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் டி.டி.ஆர்.3எல். ஆறாம் தலைமுறையில் இரண்டும் கலந்து வந்தன, அதற்குப் பிறகு டி.டி.ஆர்.4 பரவலாகியது. மிகப் புதியவற்றில் டி.டி.ஆர்.5. டி.டி.ஆர்.3க்கும் 4க்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் பூட்ட முடியாது, அது நல்லது. சிக்கல் டி.டி.ஆர்.3க்கும் 3எல்லுக்கும் இடையில்தான். இரண்டுக்கும் 204 முனைகள், வெட்டும் ஒரே இடத்தில். ஆனால் முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 3எல் பலகை பழைய கணினியிலும் பொதுவாக வேலை செய்யும். சாதாரண டி.டி.ஆர்.3 பலகையை 1.35 வோல்ட்டுக்கான ரி450 போன்றதில் பூட்டினால் கணினி எழும்பாது, அல்லது எழும்பி நடுவில் நிற்கும். பாவித்த றாம் விற்கும் கடைகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். ஒட்டியிருக்கும் தாளில் 'பிசி3எல்' என்று அந்த 'எல்' இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பார்த்து எடுங்கள்.

எவ்வளவு போதும்? எழுத்து வேலை, உலாவி, சூம், கணக்கு மென்பொருள் என்றால் 8 ஜிபி. படத்தொகுப்பு, காணொளித் தொகுப்பு, நிரலாக்கம் என்றால் 16 ஜிபி. அதற்கு மேல் பழைய கணினிக்குக் காசு போடுவது வீண். இன்டெல் நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் ஓர் இடத்தில் 8 ஜிபிக்கு மேற்பட்ட பலகையை ஏற்பதில்லை என்பதையும் மனதில் வைத்திருங்கள். இரண்டு இடம் இருந்தால் ஒரே அளவான இரண்டு பலகைகள் போடுவது நல்லது. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் காணொளியும் திரையும் அதனால் சற்று இலகுவாக ஓடும். ஆனால் ஏற்கனவே இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபியைச் சேர்த்தாலே வேலை முடிகிறதென்றால் இருப்பதைக் கழற்றி எறிய அவசியமில்லை. மருமகளின் கணினிக்கு அப்படித்தான் செய்தோம்.

விலை பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உற்பத்தியின் பெரும்பகுதியை விழுங்குவதே காரணம். பல ஆண்டுகளாக எங்கள் கடைகளில் கிடைத்த குரூசியல் என்ற பெயரில் றாமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ கட்டப்படும் தரவு மையத்துக்கான செலவில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்து மாணவியும் கட்டுகிறாள். இந்த நிலையில் பாவித்த றாம் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. றாமில் தேயும் பாகம் இல்லை. பழுதென்றால் பெரும்பாலும் ஓர் இரவு சோதனையிலேயே தெரிந்துவிடும். மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்ட்ரைவில் போட்டு ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பாவித்த எஸ்.எஸ்.டி.யை மட்டும் வாங்காதீர்கள். அது எழுத எழுதத் தேய்வது.

எஸ்.எஸ்.டி.: எந்த வடிவம்?

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் 2.5 அங்குல சாட்டா வன்தட்டு இருக்கும். அதே அளவு, அதே இணைப்போடு எஸ்.எஸ்.டி. கிடைக்கிறது, பழையதை உருவிப் புதியதைச் செருகுவதோடு வேலை முடியும். தடிப்பு 7 மில்லிமீற்றர். முன்னைய வன்தட்டுகள் சிலவற்றின் தடிப்பு 9.5 மில்லிமீற்றர் என்பதால் புதியது கொஞ்சம் ஆடும். அதற்குப் பிளாஸ்ரிக் சட்டமொன்று பெட்டியோடு வரும், இல்லாவிட்டால் மடித்த அட்டைத் துண்டே போதும்.

2015, 2016க்குப் பின்னர் வந்தவற்றில் எம்.2 என்ற நீளமான சிறிய பொருத்துமிடம் இருக்கலாம். அது இருக்கிறது என்பதற்காக எந்த எம்.2 பலகையும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது. எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் இருக்கிறது, வேகமான என்.வி.எம்.ஈ. வகையும் இருக்கிறது. சில கணினிகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். வை-பை அட்டைக்கும் சிம் மொடத்துக்குமான இடங்களும் பார்வைக்கு இதேபோலத்தான் இருக்கும். கையேட்டில் தெளிவாக எழுதியிருந்தாலொழிய, பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டாவையே எடுங்கள். என்.வி.எம்.ஈ. ஐந்து மடங்கு வேகம் என்று கடையில் சொல்வார்கள். எண் உண்மைதான், உங்கள் பாவனையில் அந்த ஐந்து மடங்கு கண்ணில் படாது.

கொள்ளளவு 240 அல்லது 256 ஜிபி பலருக்குப் போதும். நிறையப் படங்களும் காணொளிகளும் இருந்தால் 480 அல்லது 512. முற்றாக நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள், நிரம்பிய எஸ்.எஸ்.டி. வேகமும் குறையும், ஆயுளும் குறையும். மூன்றாண்டு உத்தரவாதம் உள்ளதாக, அந்த உத்தரவாதத்தை இங்கேயே பார்த்துக்கொள்ளும் விநியோகத்தர் உள்ளதாக எடுப்பது முக்கியம். வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணாவிடம் சொல்லியனுப்பி வாங்கினால் மலிவாக இருக்கலாம், பழுதானால் அது அண்ணாவோடு திரும்பப் பறக்கவேண்டும். இணையத்தில் '16 ரிபி' என்று சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கப்படும் வெளிச் சேமிப்பகங்களை ஏறெடுத்தும் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது சிறிய மெமரி கார்ட். கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டும்படி எழுதப்பட்டிருக்கும். இடம் முடிந்த பிறகு எழுதுவதெல்லாம் பழையவற்றின்மேல் எழுதப்பட்டு அழியும்.

கழற்றுவதற்கு முன்: பிரதி

இந்த வேலையில் இரண்டாந்தடவை கிடைக்காத ஒன்று இருக்கிறது. அது கணினி அல்ல, உள்ளே இருப்பது. எங்கள் பகுதிகளில் இதற்குத் தனியான கனம் உண்டு. இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகளில், பின்னர் யாரோ உறவினரிடமிருந்து படமெடுத்து வந்த ஒரேயொரு பிரதி இந்த வன்தட்டில் இருக்கக்கூடும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் போனவர் தொடர்பாகக் கொடுத்த முறைப்பாடுகளின் ஸ்கான் பிரதிகள் என்று ஒரு கோப்புறை இருக்கக்கூடும். வேகம் வந்தது, அந்தக் கோப்புறை போனது என்றால் அந்த வேகத்தால் என்ன பயன்?

எனவே முதலில் வன்தட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லும். நீலம் என்றால் நலம். மஞ்சள் என்றால், அதிலும் 05, சி5 என்று இலக்கமிட்ட வரிகள் மஞ்சளானால், தட்டில் வாசிக்க முடியாத இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்படிப்பட்ட தட்டை முழுமையாகப் படியெடுக்க விட்டால் பல மணி நேரம் தொடர்ந்து ஓடி நடுவில் உயிரை விடலாம். முதலில் படங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை மட்டும் வேறொரு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதையும் செய்யாமல் கணினியை நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோவதே புத்தி.

தட்டு நலமாக இருந்தால் இரண்டு வழிகள். ஒன்று, குளோனிங்: யூஎஸ்பி-சாட்டா வயர் ஒன்றால் புதிய எஸ்.எஸ்.டி.யை வெளியிலிருந்து இணைத்து, குளோன்சில்லா போன்ற மென்பொருளால் எல்லாவற்றையும் அப்படியே படியெடுப்பது. குளோன்சில்லா இலவசம், ஆனால் முகம் கடுகடுப்பானது. எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் இடத்தில் மாறிச் சொன்னால் வெறும் எஸ்.எஸ்.டி. உங்கள் தரவின்மேல் படியும். கொள்ளளவு எண்ணையும் நிறுவனப் பெயரையும் இரண்டு தடவை வாசித்துவிட்டு அழுத்துங்கள். இரண்டாவது வழி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, கோப்புகளை மட்டும் திரும்பப் போடுவது. ஆறேழு வருடக் குப்பை சேர்ந்த கணினிக்கு நான் இதையே விரும்புவேன். விண்டோஸ் உரிமம் மதர்போர்ட்டோடு இணைந்திருப்பதால், முறையான உரிமம் இருந்த கணினிக்கு வன்தட்டை மாற்றியதற்காகத் திரும்பக் காசு கட்டத் தேவையில்லை.

புதிதாக நிறுவுவதில் நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: பாமினி. இலங்கையில் தமிழில் தட்டச்சான கடிதங்கள், வினாத்தாள்கள், கூட்டறிக்கைகள் என்று கணக்கற்றவை இன்றும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அது யுனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியையும், நீங்கள் பாவிக்கும் மற்ற எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். சிங்கள ஆவணங்கள் இருந்தால் எஃப்.எம். அபயவையும் சேர்த்து. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள், அவுட்லுக்கில் மின்னஞ்சல் இறக்கி வைத்திருந்தால் அதன் கோப்பு ஆகியவையும் மறக்கப்படுபவை. பிட்லொக்கர் என்ற பூட்டு இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் மீட்பு இலக்கத்தைத் தாளில் எழுதி வைக்காமல் எதையும் கழற்றவேண்டாம்.

பூட்டும் வேலை

உண்மையில் இது மிகச் சிறிய பகுதி. ரி450இல் முதலில் எஃப்1 விசையால் பயோசுக்குள் போய், மின்சக்தி அமைப்பில் உள்ளக பற்றரியை முடக்கவேண்டும். இந்த மாதிரியில் வெளியே கழற்றும் பற்றரியோடு உள்ளே இன்னொன்றும் இருப்பதால், அதை முடக்காமல் றாமை உருவினால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவுவதாகிவிடும். பிறகு சார்ஜரையும் வெளிப் பற்றரியையும் எடுத்து, அடித்தட்டின் ஆணிகளைத் தளர்த்தி, விளிம்பில் பழைய வங்கி அட்டையொன்றை மெதுவாக ஓட்டினால் கொழுவிகள் ஒவ்வொன்றாக விடும். கத்தியோ ஸ்குறு டிரைவரோ வைத்து நெம்பாதீர்கள். றாமைச் சரிவாகச் செருகி, இரு பக்கக் கொழுவிகளும் 'டக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்தவேண்டும். அரைகுறையாகச் செருகிய றாமே 'திரை வரவில்லை' என்ற முறைப்பாடுகளில் பாதிக்குக் காரணம். திறந்த கையோடு மின்விசிறியில் அடைந்த தூசியையும் தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

உள்ளே பற்றரி ஊதியிருப்பதைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, அது தீப்பிடிக்கும். முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

மருமகளின் கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. செலவு, அவளுக்குக் கடையில் சொன்ன புதிய மடிக்கணினி விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியது.

இனி எந்த இயங்குதளம்?

றாமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றியதால் ஐந்தாம் தலைமுறைக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெற்றுவிடாது. இதைக் கடையில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. விண்டோஸ் 10இலேயே இருக்க விரும்பினால், மேலதிக இற்றைப்படுத்தல் திட்டத்தில் பதிந்து 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை, மற்றப்படி 30 டொலர். தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11ஐ ஏமாற்றி ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. ஓடும்; ஆனால் அடுத்த பெரிய இற்றைப்படுத்தல் வருமா என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன். திருட்டுப் பிரதி ஏற்றிய கணினியிலும் அப்படித்தான்.

லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளம் இத்தகைய கணினிகளில் நன்றாக ஓடுகிறது. உலாவி, சூம், லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் உண்டு. தமிழில் தட்டச்சு முறை, தமிழ்99, ஒலிப்பு முறை எதையும் அமைத்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவையும் நிறுவலாம். பலகலைக்கழகப் பாடத்துக்கு விண்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டுமென்றால் இது சரிவராது. அச்சுப்பொறி பழையதென்றால் அதுவும் வேலை செய்கிறதா என்று, நிறுவுவதற்கு முன்னரே பென்ட்ரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மருமகள் இப்போதைக்கு விண்டோசிலேயே இருக்கிறாள், ஆய்வறிக்கை முடிந்த பின் மாறுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

காசு போடக்கூடாத கணினிகளும் உண்டு. கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்கென்று அவசரமாக வாங்கப்பட்ட மலிவான மடிக்கணினிகளில் பலவற்றில் செலரோன் செயலியும், மதர்போர்ட்டில் ஒட்டிய 4 ஜிபி றாமும், 64 ஜிபி ஈ.எம்.எம்.சி. சேமிப்பகமும் இருக்கும். அவற்றில் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. சில மாதிரிகளில் எஸ்.எஸ்.டி.க்கு இடமிருந்தாலும் செயலியே தடுமாறும். பிணைச்சல் உடைந்து, திரையில் கோடு விழுந்து, பற்றரியும் போன கணினிக்கு மூன்று செலவையும் கூட்டிப் பாருங்கள். பாவித்த எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றின் விலைக்குக் கிட்டப் போகுமென்றால் அதையே வாங்கலாம். இன்னொரு விடயம்: பற்றரி முற்றாகச் செத்து, சார்ஜரில் மட்டும் ஓடும் கணினி மின்வெட்டில் சட்டென்று அணையும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. எழுதும் நடுவில் மின் போனால் எஸ்.எஸ்.டி.யிலும் கோப்புகள் சிதையும். பற்றரியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நீங்களே கழற்றாமல் கடையில் கொடுத்துச் செய்விப்பதிலும் தவறில்லை. கொடுக்கும்போது மாதிரி எண்ணும், வேண்டிய றாமின் வகையும், எஸ்.எஸ்.டி.யின் அளவும் எழுதிய துண்டைச் சேர்த்துக் கொடுங்கள். பற்றுச்சீட்டில் இரண்டு பாகங்களின் தொடர் இலக்கங்களையும் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும்விட, பழைய வன்தட்டைக் கையோடு திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். 'இது இனி உதவாது, இங்கே விடுங்கோ' என்றால் சம்மதிக்கவேண்டாம். அதிலிருந்து நீங்கள் அழித்ததாக நினைக்கும் படங்களை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும், அப்படி எடுத்த படங்களால் மிரட்டப்படுபவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். நலமான தட்டென்றால் 2.5 அங்குல உறையொன்று வாங்கி அதற்குள் போட்டால் யூஎஸ்பியில் இணைக்கும் வெளி வன்தட்டாகிவிடும். மாதம் ஒரு தடவை எஸ்.எஸ்.டி.யில் இருப்பதைப் பிரதி எடுத்து அலுமாரிக்குள் வைக்கலாம். பழுதான தட்டென்றால் மூடியைத் திறந்து உள்ளிருக்கும் வட்டைக் கீறி வளைத்துவிட்டு எறியுங்கள். சில மடிக்கணினி வன்தட்டுகளில் அந்த வட்டு கண்ணாடி, வளைக்கப் போனால் சிதறும். துணியால் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.